வெட்டி எடுத்த வட்டம்

அத்தியாயம் 14

மாட்டுத்தாவணிக்குப் போகும் சாலையில் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்கு ஒரு சின்னக் கூட்டம் கூடியிருந்தது. விபத்து ஒன்றும் இல்லை. சண்டையும் இல்லை. ஒரு பேனரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மதுரையில் பேனரை நின்று பார்க்கிற ஆளும் உண்டா என்று நீங்கள் கேட்பது நியாயம்தான். காதுகுத்தோ கல்யாணமோ, தலைவர் பிறந்தநாளோ, எதுவானாலும் நமக்கு பேனர் வேண்டும். ஆனால் பேனரில் இருக்கிறவரைத் தவிர வேறு யாரும் அதைப் படிப்பதில்லை. இந்த பேனரும் வியாழக்கிழமையிலிருந்து அங்கேதான் நிற்கிறது. மூன்று நாளாக ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

இன்று பார்க்கிறார்கள். காரணம், அதில் ஒரு முகத்தைக் காணோம்.

மேலே பெரிதாக ஒரு கட்சிப் பிரமுகரின் சிரித்த முகம். இடது பக்கம் முழு உயரத்துக்கு வெள்ளைச் சட்டை, கறுப்புக் கண்ணாடியுடன் சிவக்குமார். கீழே வரிசையாக இருபத்தோரு வட்டங்கள், வட்டத்துக்கு ஒரு முகம். அதில் இரண்டாவது வட்டத்தை யாரோ அப்படியே வெட்டி எடுத்துவிட்டார்கள். ஓட்டை வழியாகப் பின்னால் இருந்த காம்பவுண்டு சுவரும் அதில் காய்ந்த வறட்டியும் தெரிந்தன. வட்டத்துக்குக் கீழே பெயர் மட்டும் பத்திரமாக இருந்தது: அருண்பாண்டி, வருவாய்த்துறை.

முத்துச்செல்வி ஸ்கூட்டியை ஓரம் கட்டினாள். அவள் கே.கே. நகரில் ஒரு கிளினிக்கில் நர்ஸ். ஒரு பாட்டியம்மா வீட்டுக்குப் போய் இன்சுலின் போட்டுவிட்டுத் திரும்பும் வழி. காணாமல் போனது அவள் புருஷனின் முகம்.

"ஆளு போய்ச் சேந்துட்டாரு போல," என்றார் டீ கிளாஸுடன் நின்றவர்.

"செத்தா மாலை போட்டுல்ல வைப்பாய்ங்க? இது வேற விவகாரம்."

"பொம்பள விவகாரமா?"

"கீழ பாருங்கண்ணே. வருவாய்த்துறைன்னு போட்டுருக்கு. எங்கிட்டாச்சும் கை வச்சிருப்பான். போட்டோவ எடுத்துட்டாய்ங்க."

முத்துச்செல்விக்குக் காது சுட்டது. முகம் இருந்தபோது யாருக்கும் தெரியாத பெயர், முகம் போனதும் நாலு பேர் வாயில் விழுந்து புரள்கிறது. வெட்டியது யாராக இருந்தாலும், நல்லது செய்கிறேன் என்று நினைத்து இப்படிச் செய்திருக்கிறார்கள். யார் என்பதுதான் தெரியவில்லை. வீடு வரும்வரை அவள் அதையே யோசித்துக்கொண்டு வந்தாள்.

அந்த வீட்டில் வெள்ளிக்கிழமையிலிருந்து சரியான பேச்சு இல்லை. போன வாரத்தைத் தவறவிட்டவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அருண்பாண்டிக்கு வருவாய் அலுவலகத்தில் இளநிலை உதவியாளர் வேலை. சேர்ந்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது. இன்னும் பன்னிரண்டு நாளில் வேலை நிரந்தரம். அந்த வீட்டு வரலாற்றில் முதல் அரசாங்க வேலை. அரசு ஊழியர் கட்சி பேனரில் நிற்கக்கூடாது என்பது அவனுக்கும் தெரியும், அவனை அங்கே நிறுத்திய சிவக்குமாருக்கும் தெரியும். வெள்ளிக்கிழமை மேலதிகாரி ரெங்கம்மாள் மேடம் தன் செல்போனில் வந்த பேனர் படத்தைக் காட்டி, "திங்கக்கிழமை பத்து மணிக்கு உங்க விளக்கம் எழுத்துல எனக்கு வந்தாகணும்" என்று சொல்லிவிட்டார்.

இரண்டு நாளாகியும் அவன் ஒரு வரி எழுதவில்லை. என் சம்மதம் இல்லாமல் போட்டார்கள் என்று எழுதினால் முடிந்தது. எழுத முடியவில்லை. சிவக்குமார் பதினேழு வருஷ நண்பன். இந்த வேலைக்கான தேர்வு நாளன்று கொட்டுகிற மழையில், பஸ் எல்லாம் நின்றுபோன பிறகு, நாற்பது கிலோமீட்டர் பைக்கில் உட்காரவைத்துக் கொண்டுபோய் இறக்கிவிட்டவன். அன்றிலிருந்து "இவனுக்கு வேலை வாங்கிக் குடுத்ததே நான்தான்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பவனும் அவனே. அருண்பாண்டி அதையும் ஒருநாள்கூட மறுத்ததில்லை.

முத்துச்செல்வி உள்ளே வந்தபோது அவன் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான்.

"பேனர்ல வெட்டுனது நீங்களா?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். "எதை?"

"உங்க மூஞ்சிய. ஓட்டையா நிக்குது. ஊரே வேடிக்க பாக்குது."

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தான். "நீ வெட்டிட்டு வந்து என்கிட்டக் கேக்குறியா?"

"நான் வெட்டுனா பேரையும் சேத்துல்ல வெட்டுவேன்."

அதை அவன் மறுக்கவில்லை. அவளைப் பற்றி அவனுக்கு அந்த அளவுக்குத் தெரியும். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வேறு யார் என்று யோசிப்பதற்குள் போன் அடித்தது. சிவக்குமார்தான். முத்துச்செல்வி கையை நீட்டி ஸ்பீக்கரைத் தட்டிவிட்டாள்.

"மாப்ள, உன் மூஞ்சியக் கிழிச்சுட்டாய்ங்கடா. தங்கச்சி வேலையாத்தான் இருக்கும். சொல்லி வையி, அந்த பேனரு எம்புட்டு மெனக்கெட்டுப் போட்டதுன்னு. சரி, அத விடு. சாயந்திரம் நாலு மணிக்கு மண்டபம். மேடையில தலைவருக்கு நீதான் சால்வ போடுற."

"மாப்ள, அந்த ஆபீஸ் லெட்டரு..."

"அத நான் பாத்துக்கிறேன்டா. எவ அவ, உன் மேடமா? நம்ம தலைவருகிட்டச் சொல்லி ஒரு போன் போட்டாப் போதும். நீ வெள்ளச் சட்டையில வா. எம் பக்கத்துலயே நில்லு. ரெண்டு பார்ட்டி வாராங்க, உன்னைய நேருல பாக்கணுங்குறாங்க. வந்துருவேல்ல?"

அருண்பாண்டி முத்துச்செல்வியின் முகத்தைப் பார்த்தான். பிறகு போனைப் பார்த்தான். "வாரேன்," என்றான்.

அவளுக்குக் கோபம் வந்தது. ஆனால் அதையும் மீறி ஒரு சந்தேகம். நாலு வருஷமாக இந்த "வாரேன்" என்ற ஒரு சொல்லைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். காய்கறி வாங்கித் தரச் சொன்னால் ஆயிரம் காரணம் சொல்கிறவனுக்கு, இந்த ஒரு ஆள் கூப்பிட்டால் மட்டும் வேறு பதில் ஏன் வருவதில்லை? பயமா, பாசமா, பழக்கமா? கட்டிய புருஷன் மனசில் இப்படி ஒரு மூலை அவளுக்குப் புரியாமலே கிடக்கிறது.

"போங்க. போய்ச் சால்வ போடுங்க. நாளைக்கு மேடம் உங்களுக்குப் போடுவாங்க."

அவன் ஏதோ சொல்ல வாய் திறந்தான். அதற்குள் முத்துச்செல்வியின் போன் அடித்தது. மாமியார் தங்கப்பொண்ணு.

"தாயி, உங்க மாமா கையில வெட்டுக்காயம். ஆஸ்பத்திரிக்கு வாங்கன்னா வர மாட்டேங்குறாரு. நீ மருந்து எடுத்துக்கிட்டு வாரியா?"

"எப்படி அத்தை வெட்டுச்சு?"

"அதத்தான் நானும் கேக்குறேன். வாயத் தொறக்க மாட்டேங்குறாரு. தெனம் போற மாதிரிதான் மொத பஸ்ஸுக்கு மல்லிகப்பூ மூட்டையோட மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்குப் போனாரு. பூ விக்கப் போறவரு கருக்கருவாள எதுக்குக் கொண்டுபோனாருன்னு எனக்கு வெளங்கல."

முத்துச்செல்வி போனை வைத்துவிட்டுப் புருஷனைப் பார்த்தாள். அவனுக்கும் கேட்டிருந்தது. இஸ்திரிப் பெட்டியின் ஒயரைப் பிடுங்கிவிட்டு, கைலியோடேயே சாவியை எடுத்தான்.

திருப்பரங்குன்றத்தைத் தாண்டிப் பத்து நிமிஷம் போனால் மாமனார் சின்னக்கருப்பனின் ஊர். கூலிக்குப் போன வயலுக்குப் பக்கத்திலேயே, முப்பது வருஷம் கழித்து நாற்பது சென்ட் வாங்கி மல்லிகை போட்டிருக்கிறார். தோட்டத்து ஓரத்தில் ஆட்டுக் கொட்டகை. கொட்டகை என்றால் நாலு கம்பு நட்டு, சுற்றியும் மேலேயும் பழைய பேனர்களைக் கட்டியது. கிராமத்தில் பேனருக்கு மறுபிறவி உண்டு. விழா முடிந்த மறுநாள் அது யார் வீட்டுக் கூரைக்காவது, நெல் காயப்போடுகிற களத்துக்காவது போய்விடும். சின்னக்கருப்பன் கொட்டகையில் மட்டும் ஒரு வித்தியாசம். அவர் கட்டியிருந்த பேனர் எல்லாவற்றிலும் அவர் மகன் இருந்தான். எந்த விழா என்று அவருக்குத் தெரியாது. மகன் முகம் இருந்தால் கேட்டு வாங்கி வந்துவிடுவார்.

அவர் ஆடுகளுக்கு நடுவே குந்தியிருந்தார். இடது கையில் துண்டைச் சுற்றியிருந்தார். முத்துச்செல்வி துண்டைப் பிரித்தாள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் அரிவாள் நன்றாகவே இழுத்திருந்தது.

"வட்டமா அறுக்குறப்ப வழுக்கிருச்சா, மாமா?"

அவர் மருமகளைப் பார்த்தார். பிறகு, பக்கத்தில் நின்ற மகனைப் பார்த்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். சட்டைப் பையிலிருந்து மடித்த ஒரு பிளாஸ்டிக் துண்டை எடுத்து மகன் கையில் கொடுத்தார். அருண்பாண்டியின் முகம். நாலாக மடித்ததில் மூக்கு நடுவே ஒரு கோடு விழுந்திருந்தது.

"ஏன்ப்பா?" என்றான் அருண்பாண்டி. கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரியாமல் கேட்டான். "பேனரப் பாத்தாச் சந்தோசப்படுற ஆளு நீங்கதான?"

"நெத்தியப் பாரு."

பார்த்தான். வட்டத்தின் மேல் ஓரத்தில், அவன் நெற்றியை மறைத்துக்கொண்டு கறுப்பாக ஏதோ இருந்தது. முத்துச்செல்வி குனிந்து பார்த்தாள். பேனரில் முழு உயரத்துக்கு நின்ற சிவக்குமாரின் பூட்ஸ் நுனி அது. படம் போட்டவன் இடம் போதாமல் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்திருக்கிறான். மூன்று நாளாக போனில் பார்த்த படத்தில், இரண்டு பேருமே இதைக் கவனிக்கவில்லை.

"வெசாலக்கெழம பூ எறக்கப் போறப்பப் பாத்தேன். என் கண்ணுதான் சரியில்லன்னு நெனச்சேன். வெள்ளிக்கெழம எறங்கிப் பக்கத்துல போய்ப் பாத்தேன். நேத்தும் பாத்தேன்." சின்னக்கருப்பன் ஆட்டின் முதுகைத் தடவிக்கொண்டே பேசினார். "பெரிய தெருவுல செருப்பக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டு நடந்தவன்டா நான். அப்பக்கூட எவன் செருப்பும் என் நெத்தியில பட்டதில்ல. மனசு கேக்கல. இன்னிக்கு அறுத்துட்டேன்."

முத்துச்செல்விக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. மருந்து வைக்கிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டாள்.

"உனக்கு இதுனால ஒண்ணும் வந்துராதேடா?" என்று கேட்டார் அவர்.

முத்துச்செல்விதான் சொன்னாள். "மூஞ்சிய எடுத்தீங்க, பேர விட்டுட்டீங்களே மாமா."

"பேரு எதுன்னு எனக்கு எப்படித் தாயி தெரியும்? அதுல கட்டெறும்பு மாதிரி வரிசையா எழுத்து ஓடுது. வேற எவன் பேரையாச்சும் அறுத்துட்டா தப்பாப் போயிரும்ல."

கட்டுப் போட்டு முடித்து அவள் நிமிர்ந்தாள். அப்போதுதான் கொட்டகைப் பேனர்கள் அவள் கண்ணில் பட்டன. எத்தனையோ தடவை வந்திருக்கிறாள், ஆட்டைப் பார்த்திருக்கிறாள், பேனரைப் படித்ததில்லை. மாமனாருக்கு எழுத்து தெரியாது, அதனால் படத்தைப் பார்த்தார். எனக்குத்தான் தெரியுமே, நான் ஏன் படிக்கவில்லை என்று அவளுக்குத் தோன்றியது. ஒவ்வொன்றிலும் தேதி இருந்தது. எழுந்து பழையதிலிருந்து ஆரம்பித்தாள்.

வடக்குப் பக்கம் வெளுத்துப்போன ஒன்று. கபடியில் இரண்டாம் பரிசு. இரண்டு பையன்கள் தோளில் கை போட்டுக்கொண்டு சம உயரத்தில் நின்றார்கள். "'என் உயிர் நண்பன் அருண்பாண்டியுடன்'," என்று சத்தமாகப் படித்தாள்.

"அதுக்கு நாங்க ரெண்டு பேரும் சேந்து வேல பாத்துக் காசு போட்டோம்," என்றான் அருண்பாண்டி. அவன் குரலில் லேசாகச் சிரிப்பு இருந்தது.

அடுத்தது சிவக்குமார் கல்யாணம். "'என்றும் என்னுடன் என் நண்பன்'." அருண்பாண்டியின் படம் பாதியாகச் சுருங்கியிருந்தது.

அதற்கடுத்து அவர்களுடைய கல்யாண பேனர். மாப்பிள்ளையும் பொண்ணும் ஒரு மூலையில் நிற்க, நடுவில் வாழ்த்துகிறவர் மாதிரி கைகூப்பிக்கொண்டு சிவக்குமார் நின்றான். கல்யாணத்தன்று அதைப் பார்த்து அவள் அம்மா, "யாரும்மா மாப்ள?" என்று கேட்டது அவளுக்கு நினைவு வந்தது. "'நண்பனின் திருமணம்'," என்று படித்தாள். "நண்பன் பேரு இல்ல."

கூரையில் ஒன்று. சிவக்குமார் பிளாட் விற்கிற ஆபீஸ் திறந்தது. தேதியைப் பார்த்தாள். அருண்பாண்டி வேலையில் சேர்ந்த மாதம். அவன் படம் வட்டத்துக்குள் போயிருந்தது. "'அருண்பாண்டி, வருவாய்த்துறை'."

அதற்குப் பிறகு வந்த ஐந்திலும் அதேதான். வட்டம் சிறுத்துக்கொண்டே வந்தது. பேர் சிறுத்துக்கொண்டே வந்தது. வருவாய்த்துறை மட்டும் வளர்ந்துகொண்டே போனது. அவள் ஒவ்வொன்றாகப் படித்து முடித்துத் திரும்பினாள்.

"நண்பன்ங்கிற வார்த்த, நீங்க வேலையில சேந்ததுக்கு அப்புறம் ஒண்ணுலயும் இல்லங்க."

அருண்பாண்டி கூரையையே பார்த்துக்கொண்டு நின்றான். ஒரு குட்டி ஆடு அவன் கைலி முனையை மென்றுகொண்டிருந்தது. விரட்டக்கூட இல்லை.

"அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் அன்னிக்கு வந்தான்ல," என்றான் கடைசியில்.

"வந்தாரு. பிளாட் பாக்குற ரெண்டு பேரக் கூட்டிக்கிட்டு வந்தாரு. அத்தை கண்ணுல கட்டோட படுத்திருக்காக, வெளிய வராந்தாவுல உங்கள நிக்க வச்சு, 'இவருதான் ஆபீஸ்ல நம்ம ஆளு'ன்னு காட்டிட்டுப் போனாரு."

"மழையில கொண்டுபோய் விட்டது பொய்யில்ல, செல்வி."

"நான் பொய்யின்னு சொல்லலியே. அது நெசந்தான். இதுவும் நெசந்தான்."

அவன் தலையை ஆட்டினான். பிறகு தொட்டியில் கை கழுவப் போனான். வரும்போது வரப்பில் கிடந்த கருக்கருவாளை எடுத்து ஒரு பழைய பேப்பரில் சுற்றினான். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. கேட்க நாக்கு துடித்தது, ஆனாலும் கேட்கவில்லை. தங்கப்பொண்ணு கொடுத்த பழைய சோற்றைச் சாப்பிட்டுவிட்டுப் புறப்படும்போது மணி மூன்று. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டைக்காக வீட்டுக்குத் திரும்பவில்லை. ஆட்டு வாடையோடு நேராக மாட்டுத்தாவணிக்கு வண்டியை விடச் சொன்னான்.

பேனருக்குப் பக்கத்திலேயே இருந்த மண்டப வாசலில் செண்டை மேளம். சிவக்குமார் வெள்ளை உடுப்பில் எல்லோரையும் வரவேற்றுக்கொண்டு நின்றான். கைலியில் வந்த நண்பனைப் பார்த்ததும் முகம் ஒரு கணம் மாறியது. உடனே சிரித்துவிட்டான். சிரிப்பில் அவனை மிஞ்ச ஆள் இல்லை.

"என்ன மாப்ள இது வேசம்? நல்லவேள, எக்ஸ்ட்ரா வேட்டி சட்ட வச்சிருக்கேன். சார், அம்மா, இவருதான் நான் சொன்ன அருண்பாண்டி. ஆபீஸ்ல நம்ம ஆளு. பட்டா கிட்டா எல்லாம் இவரு பாத்துக்குவாரு."

பக்கத்தில் ஒரு நடுத்தர வயதுக் கணவனும் மனைவியும் நின்றார்கள். அந்த அம்மா மரியாதையாகக் கும்பிட்டார். அருண்பாண்டியும் கும்பிட்டான். முத்துச்செல்வி ஸ்கூட்டியின் பக்கத்திலேயே நின்றுகொண்டாள். அவனாகப் பேச வேண்டும். என்ன பேசப் போகிறான் என்று இந்த உலகத்தில் யாரையும்விட அவளுக்குத்தான் ஆவலாக இருந்தது.

"அம்மா, நீங்க எடம் வாங்குறதும் வாங்காததும் உங்க இஷ்டம்," என்றான் அருண்பாண்டி. "ஆனா என்னைய நம்பி வாங்காதீக. இந்த பிளாட்டுக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. பட்டா பாக்கணும்னா ஆபீஸுக்கு வாங்க. எல்லாருக்கும் காட்டுற மாதிரி உங்களுக்கும் காட்டுவாக."

அந்தக் கணவர் சிவக்குமாரைப் பார்த்தார். சிவக்குமாரின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. நண்பனின் தோளில் கை போட்டு ஓரமாகத் தள்ளிக்கொண்டு வந்தான்.

"என்னடா ஆச்சு உனக்கு?"

"மேடைக்கு வரல, சிவா."

அவன் "மாப்ள" என்று சொல்லவில்லை. சிவக்குமாரும் அதைக் கவனித்தான்.

"கோவமா?"

"கோவமில்ல. இனிமே என் படத்தையோ பேரையோ ஆபீஸு பேரையோ எதுலயும் போடாத. யாருகிட்டயும் என்னையக் காட்டாத. கூப்புடாத. நீ கூப்புட்டா எனக்கு மாட்டேன்னு சொல்ல வரமாட்டேங்குது. அது என் கொறதான். அதுனாலதான் கூப்புடாதங்குறேன்."

"தங்கச்சி நல்லாச் சொல்லிக்குடுத்து அனுப்பிருக்கு."

"அவ ஒண்ணும் சொல்லல. நானாத்தான் வந்தேன்."

"பதினேழு வருசம்டா. அந்த மழையில நான் மட்டும் பைக்க எடுக்கலன்னா இன்னிக்கு நீ ஆடு மேச்சுக்கிட்டு இருப்ப. மறந்துட்டியா?"

"மறக்கல. சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன். பைக்குல கொண்டுபோய் விட்டது நீ. பரிச்ச எழுதுனது நான்." அருண்பாண்டி தோளிலிருந்த கையை எடுத்துவிட்டான். உதறவில்லை, மெதுவாகத்தான் எடுத்தான். "நல்லா இரு சிவா."

திரும்பி நடந்தான். சிவக்குமார் பின்னால் ஏதோ கத்தினான், செண்டையில் கேட்கவில்லை. அருண்பாண்டி நேராக பேனர் பக்கம் போனான். பேப்பரைப் பிரித்து அரிவாளை எடுத்தான். காலையில் நின்ற கூட்டத்தில் பாதிப்பேர் இன்னும் டீக்கடையில்தான் இருந்தார்கள். ஓட்டைக்குச் சொந்தக்காரன் நேரிலேயே வந்து நிற்பதைப் பார்த்ததும், டீயைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார்கள்.

"தம்பி, என்ன பண்ற? பேனர்ல கை வைக்காத," என்றான் விழாக்காரன் ஒருவன்.

"என் பேருண்ணே. நான் எடுத்துக்கிறேன்."

வட்டத்துக்குக் கீழே விரல் நீளத்துக்கு ஒரு பட்டை. கோணல் இல்லாமல் அறுத்து எடுத்து மடித்து, அப்பா கொடுத்த வட்டத்தோடு சேர்த்துப் பைக்குள் வைத்துக்கொண்டான். நுனி அறுபட்ட பூட்ஸுக்குக் கீழே இப்போது வெறும் சுவர்தான் இருந்தது. காலையில் டீ கிளாஸுடன் நின்றவர் மட்டும், "அப்ப ஆளு சாகல," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து அவன் குளித்துவிட்டு உட்கார்ந்தபோது மணி ஆறு. முத்துச்செல்வி காபி வைத்துக் கொடுத்தாள். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு இன்றுதான் இரண்டு டம்ளரையும் ஒரே மேசையில் வைத்தாள்.

"பயமா இருந்துச்சா?"

"கையெல்லாம் வேர்த்துருச்சு. ஆனா சொன்னப்புறம், அம்புட்டுத்தானான்னு இருந்துச்சு." டம்ளரைக் குடிக்காமல் தள்ளிவைத்துவிட்டு, "அவன் மூஞ்சியப் பாத்தப்ப அழுக வந்துருச்சு செல்வி," என்றான். அவள் அவன் கைமேல் கையை வைத்தாள்.

போனில் ஒரு செய்தி வந்து விழுந்தது. ரெங்கம்மாள் மேடம். "படம் யார் அனுப்பினது என்று வெள்ளிக்கிழமை கேட்டீர்கள். இந்த நம்பரிலிருந்துதான் வந்தது. விளக்கத்தில் குறிப்பிட வேண்டும் என்றால் குறிப்பிடுங்கள்."

கீழே பத்து எண்கள். சேமித்து வைத்த பெயர் தேவைப்படவில்லை. பதினேழு வருஷமாக அவனுக்கு மனப்பாடமான நம்பர் அது.

முத்துச்செல்வி எட்டிப் பார்த்தாள். "இது சிவா அண்ணன் நம்பரு."

"ஆமா."

"அவரே போட்டு, அவரே ஆபீஸுக்கு அனுப்புனாரா? எதுக்கு?"

எதுக்கு? பெருமையடிக்கவா? மேடத்தைப் பயமுறுத்தவா? இல்லை, வேலைக்கு ஒரு சிக்கலைக் கொண்டுவந்து வைத்து, அதைத் தானே தீர்த்துவைத்து, இன்னொரு பதினேழு வருஷத்துக்கு இவனைப் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளவா? கேட்டால்தான் தெரியும். கேட்க வேண்டுமானால் அவனைக் கூப்பிட வேண்டும். அருண்பாண்டியின் விரல் அந்த எண்ணுக்கு மேலேயே நின்றது. முத்துச்செல்வியும் தடுக்கவில்லை. உண்மையைச் சொன்னால், அவளுக்கும் தெரிந்துகொள்ள வேண்டும்போல இருந்தது.

அவன் தொடுவதற்குள் போன் அடித்தது. சிவக்குமார்தான்; திரையில் "மாப்ள" என்று வந்தது. அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. மூன்றாவது தடவையும் அவன் எடுக்கவில்லை. பிறகு வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு வந்து நின்றது. நாலு நிமிஷம், பன்னிரண்டு நொடி.

"இதுல சொல்லிருப்பாரோ?" என்றாள் முத்துச்செல்வி.

"சொல்லிருப்பான். கேட்டா நான் போயிருவேன்." போனைக் கவிழ்த்து அவள் பக்கம் தள்ளினான். "நீ வச்சுக்க. மொதல்ல இத எழுதணும்."

ஒரு வெள்ளைத் தாளை எடுத்தான். சட்டைப் பையிலிருந்த வட்டத்தையும் பெயர்ப் பட்டையையும் எடுத்து மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். இரண்டு நாளாக வராத வரிகள் இப்போது நிற்காமல் வந்தன. அவன் எழுத எழுத அவள் தோளுக்குமேல் எட்டிப் படித்தாள்.

'பேனரில் படம் போடுவதற்கு என்னிடம் சம்மதம் கேட்கவில்லை. தெரிந்த பிறகும் நான் மறுக்கவில்லை. அது என் தவறு. இன்று மறுத்துவிட்டேன்.'

நம்பரை அவன் எங்கேயும் எழுதவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு, ஆறிப்போன காபியை ஒரே மூச்சில் குடித்தான்.

முத்துச்செல்வியின் கையில் போன் இருந்தது. திருப்பிப் பார்த்தாள். நாலு நிமிஷம், பன்னிரண்டு நொடி. இன்னும் யாரும் கேட்கவில்லை என்று காட்டும் சின்னப் புள்ளி அதில் அப்படியே இருந்தது. அவள் போனை அரிசி டப்பாவுக்குள் வைத்து மூடினாள். மூடிய பிறகும் அடுப்படியை விட்டு வெளியே வர அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆனது.